இருமுறை கதிர்பட்ட கொழுப்பு

பன்றிக் கொழுப்பைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை பேச ஆள் கிடையாது, ஐயா. வாணலியில் உருகும்போது தெருவே எட்டிப் பார்க்கும். தட்டில் வந்துவிட்டால் ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். நான் அப்படியில்லை. இருபத்திரண்டு வருஷம் அதோடு குடும்பம் நடத்தியவன். நேராக விஷயத்துக்கு வா என்கிறீர்கள், வருகிறேன். ஆனால் கொழுப்பைப் புரிந்துகொள்ளாமல் என்னைப் புரிந்துகொள்ள முடியாது. என்னைப் புரிந்துகொள்ளாமல் அரீயாவை நீங்கள் விடவும் மாட்டீர்கள்.

அரீயாவை விடவேண்டும். அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே நடந்து வந்தேன். ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடக்கிறவளுக்குக் காவலாக வாசலில் நாற்காலி போட்டு ஒரு போலீஸ்காரரை உட்காரவைத்திருக்கிறீர்கள். அவள் எங்கே ஓடப்போகிறாள்? முந்தாநாள்வரை கண்ணிமையைத் தூக்கவே இன்னொருத்தர் விரல் வேண்டியிருந்தது. அந்தத் தாளில் இருப்பது அவள் கையெழுத்துதான், இல்லை என்று சொல்லவில்லை. போடச் சொன்ன வாய் என்னுடையது.

என் பெயர் பன்சா. ஊர் சமுத் சாக்கோன் பக்கத்து உப்பளம். ஏழு வயதில் கால் விரலிடுக்கில் வந்த உப்புப் புண் முப்பத்தைந்து வயதில்தான் ஆறியது, அதுவும் அளத்தை விட்டு ஓடி வந்ததால். சரபுரி சாலையில் கதிர் ஆலை ஒன்று திறந்து மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள். மிளகாய்த்தூள், மாம்பழம், பூண்டு, உலர்ந்த இறால் எல்லாம் வரும். பெட்டிகளைச் சங்கிலியில் மாட்டி அனுப்பினால் தடித்த சுவர்களுக்குள் வளைந்து வளைந்து போய், கோபால்ட் கம்பிகளைச் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் வெளியே வரும். உள்ளே இருந்த கிருமி செத்திருக்கும். பெட்டி சூடாகக்கூட இருக்காது. கதிர் சரக்கில் தங்குமா என்று ஊரில் கேட்பார்கள். விளக்கை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் தங்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இரண்டாம் மாதம். பன்றி இறைச்சியை முதல்முதலாகச் சோதனை பார்த்தார்கள். நாலு எஞ்சினியர்கள் ஒரு பொட்டலத்தைப் பிரித்துவைத்து, ஆளாளுக்கு முகர்ந்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் மூட்டையோடு நின்ற நான், “எவன்யா மழைல நனைஞ்ச நாயை உள்ள கூட்டிட்டு வந்தது?” என்றேன். சிரித்தார்கள். அப்புறம் காலிப் பையை ஊதித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஊசி முனை அளவு ஓட்டை. காற்று புகுந்திருக்கிறது. அன்றைக்கே மேனேஜர் என் தோளிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்லி, ஒரு ஸ்டூலும் வெள்ளைக் கோட்டும் கொடுத்தார். அன்றிலிருந்து நான் மூக்கண்ணன். உப்பளத்தில் என் அப்பாவை ஒரு பயலும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. எனக்கு ஆலையே பட்டம் கொடுத்தது.

அந்த நாய் வாடையைத்தான் நான் காவல் காத்தேன். அது எப்படி வருகிறது என்று கேளுங்கள், சுவாரசியமான சங்கதி. கொழுப்பின் ஒவ்வொரு துணுக்கும் மூன்று வால் உள்ள பூச்சி மாதிரி. ஒவ்வொரு வாலும் ஒரு கொழுப்பு அமிலம். சிறு மணிகள் கோத்த நீளமான சங்கிலி. சில வால் நேராக விறைத்து நிற்கும், அது முரடு, லேசில் கெடாது. சில வால் நடுவில் முறுக்கு விழுந்து வளைந்திருக்கும், அது இளகிய மனசு, எதற்கும் முதலில் மயங்கும். கதிர் பாய்ந்தால் வால் கழுத்தோடு அறும்; அங்கங்கே மணி உதிரும். அறுந்த துண்டுக்கு ஒரு கை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சும்மா இராது, பக்கத்தில் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். காற்று கிடைத்தால் போச்சு. காற்றோடு சேர்ந்து, அடுத்த வாலையும் கெடுத்து, அது அதற்கடுத்ததைக் கெடுத்து, கடைசியில் பொட்டலத்தைப் பிரித்தால் நனைந்த நாய்.

இதை ஒருநாள் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அரீயா கேட்டுக்கொண்டிருந்தாள். கதிர் அளவு சரியாகப் பட்டதா என்று பார்த்துத் தாளில் கையெழுத்துப் போடும் வேலை அவளுக்கு. முப்பத்தாறு வயசு, புருஷனை விரட்டிவிட்டவள், வாய்க்குப் பூட்டு கிடையாது.

“என் புருஷனும் இதே ரகம்தாண்ணே,” என்றாள். “ஒரு கை காலியானதும் பக்கத்துல எவ கை கிடைக்குதுன்னு பாத்துப் பிடிச்சிட்டான்.”

“அதுக்குத்தான் காத்தை உறிஞ்சிட்டு, ஐஸா உறைய வெச்சு உள்ள அனுப்பறது. உறைஞ்சு கெடந்தா அறுந்த துண்டால நகர முடியாது. பழைய ஜோடியோடயே திரும்ப ஒட்டிக்கும்.”

“அடப்பாவமே. இதைக் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா அந்த நாயை ஃப்ரீசர்ல போட்டிருப்பேனே.”

ஆலையே சிரித்தது. இப்படித்தான் இருந்தோம். மோசமான ஆட்கள் யாரும் இல்லை அங்கே.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஊர் உலகமே மூக்கை மூடிக்கொண்டு திரிந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டேன். மூக்கு மட்டும் எழவில்லை. மீன் சாறை மோந்தால் தண்ணீர். பூண்டு வதக்கினால் ஒன்றுமில்லை. ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம் பார்த்தேன். வெறும் இரண்டு ஓட்டை.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஸ்டூலில் வேறு ஆள். ஐம்பத்தைந்து வயதில் மறுபடி மூட்டை. என் முதுகெலும்புப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார், கரையான் அரித்த மூங்கில் மாதிரி இருக்கிறது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பொட்டலத்தை நான் பிரிப்பதை நிறுத்தினேன். “அரீயா, நீ பிரி. என் கை நடுங்குது,” என்பேன். அவள் பிரிப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். நல்ல சரக்கென்றால் அவள் முகத்தில் பசி வரும். உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் எச்சிலும் விழுங்குவாள். லேசாகக் கெட்டிருந்தால் இடது மூக்குமடல் ஒரு நூல் ஏறும். ரொம்பக் கெட்டிருந்தால் புருவம் இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் அதற்கப்புறம் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. “நான் நினைச்சேன், நீங்க சொல்லிட்டீங்க,” என்று அவள் வாயைப் பிளப்பாள். தன் முகத்தை நான் படிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மூன்று வருஷத்தில் என்னைப் போல அந்த முகத்தை ஆசையோடு பார்த்த ஆம்பளை வேறு எவனும் இருக்க முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வருகிறேன்.

ஜரூன் என்பவன் அங் தோங்கில் மூயோ செய்கிறவன். பன்றி இறைச்சியையும் கொழுப்பையும் பசை மாதிரி அரைத்து உருளையாக வேகவைப்பானே, வெள்ளையாக, அது. அவன் கைப்பக்குவம் பெரிது. எங்கள் ஆலையில் பன்றிச் சரக்கு ஓடும் வரிசையில் முக்கால்வாசி அவனுடையது. எங்களிடம் கதிர் காட்டி, குளிர்லாரியில் ஏற்றிப் பெரிய கடைகளுக்கு அனுப்புவான். அந்த வருஷம் திருவிழாக் கூட்டத்தில் லாரி வழியில் மாட்டிக்கொண்டு, குளிர்ப்பெட்டியும் நின்றுபோய், டிரைவர் பயல் கதவைச் சாத்திவிட்டு மூன்று நாள் தண்ணீர் பீய்ச்சி விளையாடப் போய்விட்டான். வெளியே நாற்பத்தோரு டிகிரி. கடைக்காரன் பெட்டியைத் திறந்தால் பொட்டலம் எல்லாம் தவளை வயிறு மாதிரி ஊதியிருக்கிறது. அப்படியே திருப்பிவிட்டான். நாற்பது பெட்டி.

எங்கள் மேனேஜர் மாமியார் வீட்டில் இருந்தார். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்: “பன்சா, இந்த வருஷம் ரெண்டு தடவை பன்றி திரும்பி வந்திருச்சு. இன்னொரு தடவை வந்தா வரிசையை மூடிட்டு மாம்பழமும் மிளகாயும் ஓட்டிட்டுப் போயிடறேன். நிம்மதி.” மாம்பழத்துக்கு மூக்கண்ணன் எதற்கு? மிளகாய்க்கு எதற்கு? இதுதான் என் நிலைமை. இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜரூன் வேனை ஆலையின் பின்கதவுக்குக் கொண்டுவந்தான். நல்ல மனுஷன் ஐயா அவன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் அதை விற்க வரவில்லை.

“குழி வெட்டிட்டேண்ணே,” என்றான். “எல்லாத்தையும் போட்டு மூடிடறேன். சரக்கு கெட்டுப்போய் திரும்பி வந்துச்சுன்னு ஆலை தாள்ல ஒரு வரி எழுதிக் குடுங்க. லாரிக்காரன் மூஞ்சில கடாசணும்.”

ஒரு வரி. அந்த ஒரு வரிதான் மூன்றாவது தடவை.

“எதுக்குடா பதறறே?” என்றேன். “ஊதினா கெட்டுப்போச்சுன்னு எவன் சொன்னான்? உள்ள இருக்கற ரெண்டு கிருமி மூச்சு விட்டிருக்கும். பழைய பையைக் கிழிச்சுப் போட்டுட்டு, புதுப் பை, புதுப் பெட்டி, இன்னொரு சுத்து கதிர். எல்லாம் காலி.”

“கதிர் ஒரு தடவைதானேண்ணே காட்டணும்? சட்டம் அப்படித்தானே?”

“சட்டம் எழுதினவனுக்கு மூக்கு இருக்கா?”

அவன் ஒரு பொட்டலத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினான். நான் கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். வெறும் காற்று. “தேங்காய்ப்பால் மாதிரி இருக்குடா,” என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும் நீங்கள். அவனும் முகர்ந்தான். “எனக்கு என்னமோ…” என்று இழுத்தான். நான் அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். “நான் யாரு சொல்றதுக்கு. மூக்கண்ணன் சொன்னா அது புத்தர் வாக்கு,” என்று முடித்துக்கொண்டான்.

இரண்டு நாள், நானும் அவனும் அவன் மனைவி பயோமும் உட்கார்ந்து பையை மாற்றினோம். பயோம் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தாள். குரல் சுமார்தான், ஆனாலும் வேலை அலுக்கவில்லை. ஃப்ரீசரில் இடம் இல்லை, திருவிழாவுக்கு முன் வந்த இறால் அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் உறையாமலேதான் உள்ளே அனுப்பினேன். பிரித்த நேரத்தில் காற்றும் போதுமான அளவு பட்டிருந்தது. அறுந்த வாலுக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடு.

விடுமுறை முடிந்து அரீயா வந்தாள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வில்லை மஞ்சளிலிருந்து சிவப்பாகியிருந்தது, கதிர் பட்டதற்கு அதுதான் அடையாளம். புதுச் சரக்கு என்று தாளில் எழுதிவைத்திருந்தேன். வழக்கம்போல ஒன்றைப் பிரித்தாள்.

இரண்டு புருவமும் முட்டிக்கொண்டன. அது மட்டுமில்லை, தலையையே பின்னால் இழுத்தாள். மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

“அண்ணே, நாய்,” என்றாள். “நாய் கூட இல்ல. செத்த நாய்.”

நான் குனிந்தேன். கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன். “உனக்குச் சளி,” என்றேன்.

“சளி இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்.”

“மூணு நாள் தண்ணில ஆடியிருக்கே. மூக்குக்குள்ள நீர் கோத்திருக்கும். இது பூண்டு வாசனை. ஜரூன் இந்தத் தடவை பூண்டு கூடப் போட்டிருக்கான்.”

“நெசமாவா?”

“இருவத்திரண்டு வருசம் பொய்யா உக்காந்திருக்கேன்?”

அவள் இன்னொருமுறை பொட்டலத்தை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டி, “சனியன், உனக்கும் வயசாயிடுச்சா?” என்று அதைத் திட்டினாள். திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஐயா, உலகத்திலேயே நல்ல மூக்கு அது. என்னை நம்பி அதைச் சந்தேகப்பட்டாள். அவள் செய்த குற்றம் இவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததில் நான் எதையும் திட்டமிடவில்லை. கடைக்காரன் ஜரூனிடம் அந்த மாதம் சரக்கே எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். நாற்பது பெட்டி நல்ல மூயோ கையில் நிற்கிறது. ஜரூனின் மகன் தேத் மழைக்கால மூன்று மாதத்துக்குத் துறவு பூணப்போகிறான், ஊருக்கே விருந்து. “கடைக்கு விக்கறதைவிடப் புண்ணியத்துக்குப் போகட்டும்ணே,” என்றான் ஜரூன். நானும் சரியென்றேன். கடைக்குப் போனால் எவனாவது பரிசோதனைக்கு எடுப்பான். விருந்தில் எவன் எடுப்பான்?

எங்களையும் அழைத்தான். ஊர்வலம் பார்க்க வேண்டுமே. நீள மத்தளம் நாலு, லாரி நிறைய ஒலிபெருக்கி, மொட்டைத் தலையோடு தேத் மாமன் தோள்மேல், அவனுக்கு மேலே வெள்ளைக் குடை. நான் ஆடினேன், ஐயா, இந்த முதுகை வைத்துக்கொண்டு. அரீயா ஜரூனின் அத்தையோடு இடுப்பை இடித்து ஆடினாள். கோயிலை மூன்று சுற்று சுற்றிப் பையனை உள்ளே அனுப்பினோம். மகன் கையில் அங்கியைக் கொடுத்துவிட்டு பயோம் பந்தியைக் கவனிக்க வெளியே வந்தாள். ஜரூன் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

மூயோவை மெல்லிசாக அரிந்து, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வெங்காயமும் சேர்த்துப் பிசிறியிருந்தார்கள். மறுபடி அடுப்பில் ஏற்றாத பண்டம். புளிப்பும் காரமும் எந்த வாடையையும் அமுக்கிவிடும். முப்பது மேசையிலும் முதலில் காலியானது அந்தக் கிண்ணம்தான்.

அரீயா ஒரு கரண்டி எடுத்து மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள். “இப்பவும் வருதுண்ணே,” என்று என் காதில் சொன்னாள். “இவ்வளவு எலுமிச்சைக்கு நடுவுல. எனக்கு மூக்குல என்னமோ கோளாறு.”

“தின்னு பாரு. மூக்கு தானா வழிக்கு வரும்.”

தின்றாள். தன் மூக்குக்குப் பாடம் புகட்டுகிற மாதிரி இரண்டு கரண்டி தின்றாள்.

பயோம் வந்து என் தட்டை எட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, என் வீட்டு மூயோவைத் தொடவே இல்ல? அவ்வளவு கேவலமாவா இருக்கு?”

“பல்வலிம்மா. கீரையோட நிறுத்திக்கிட்டேன். நீ இன்னும் சாப்பிடலியே, இந்தா.” தட்டை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே தின்றாள், பாவம், காலையிலிருந்து பட்டினி.

உள்ளே சடங்கு இழுத்துக்கொண்டே போனது. தேத் காவியோடு வெளியே வரும்போது நடுப்பகல் தாண்டிவிட்டது. துறவிக்கு அதற்குமேல் சோறு கிடையாது. ஜரூன் வந்து பார்த்தான், கிண்ணத்தில் எலுமிச்சைத் தோல்தான் மிச்சம். அப்பனும் மகனும் பசியோடு இருந்தார்கள். அதனால் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது. முதலில் எல்லாருக்கும் இமை தொங்கியது. விருந்துக் களைப்பு என்றார்கள். அப்புறம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் குரல் போனது, விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்ததாம். முப்பத்தொரு பேர் படுத்தார்கள். ஐந்து பேர் எழவில்லை. பயோம், ஜரூனின் அத்தை, மத்தளக்காரர் இரண்டு பேர், ஊர்வலத்தில் பூத்தட்டு தூக்கி வந்த ஒரு சிறுமி. துறவு பூண்டு ஆறாம் நாள் தேத் தன் அம்மா சிதைமுன் உட்கார்ந்து ஓதினான். பையனுக்கு மந்திரம் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, ஏட்டைப் பார்த்துப் படித்தான்.

ஊரில் கதிர் கொன்றுவிட்டது என்கிறார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கதிர் யாரையும் கொல்லவில்லை. உங்கள் பரிசோதனைக்கூடத்து அம்மாவும் அதைத்தானே சொன்னார்கள். முதல் சுற்றில் கதிர் சாதாரணக் கிருமிகளைக் கொன்றுவிட்டது. தடித்த ஓட்டுக்குள் ஒளியும் ஒரு ஜாதி மட்டும் பிழைத்தது. களை எடுத்த வயல் மாதிரி இடம் முழுக்க அதற்குத்தான். காற்றில்லாத பை, மூன்று நாள் வெயில். நன்றாக வளர்ந்து நஞ்சைக் கக்கிவைத்தது. இரண்டாம் சுற்றில் கிருமி செத்தது. நஞ்சு அப்படியே இருந்தது. கதிருக்கு அது கட்டுப்படாது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு விஷயம். புதுப் பெட்டி, புதுப் பை, புதுத் தாள் என்று நான் எவ்வளவு சுத்தமாகச் செய்தும், குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு துண்டு மூயோவை வைத்து, இது இரண்டு தரம் கதிர் பட்டது என்று அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி என்று கேட்டேன். கொழுப்பு சொன்னது என்றார்கள். கதிர் பட்டு அறுகிற வால்களில் நேரான வால் சில, காற்றையும் பிடிக்காமல் ஜோடியையும் பிடிக்காமல், தானே வளைந்து நாலு மூலையுள்ள ஒரு சின்ன வளையமாகிவிடுமாம். வேகவைத்தாலும் வராது, அழுகினாலும் வராது, கதிரால்தான் வரும். எவ்வளவு கதிரோ அவ்வளவு வளையம். ஒரு சுற்றுக்கு இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் பழகியும் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அழகான சங்கதி, இல்லையா?

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். கொழுப்பு எந்த அளவுக்குக் கெட்டிருந்தது என்றால், பொட்டலம் பிரித்த அறையில் நின்ற எவனுக்கும் குமட்டியிருக்கும் என்றார்கள். எனக்குக் குமட்டவில்லை என்பது சத்தியம்.

பல்வலியைப் பற்றிக் கேட்கிறீர்கள். பல்வலி இல்லை, ஐயா. காய்ச்சலுக்கப்புறம் எதைத் தின்றாலும் எனக்கு ஈர மண்ணைத் தின்கிற மாதிரிதான், அதனால் தொடவில்லை என்று சொல்லலாம் என்றுதான் நினைத்து வந்தேன். ஆனால் கீரையைத் தின்றேனே என்பீர்கள். சரி. கிருமி சாகும், கிருமி கக்கிய நஞ்சு சாகாது. இந்த வரி எங்கள் ஆலைப் பயிற்சிப் புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருஷாவருஷம் அதை வாசித்துக்காட்டுகிறவன் நான். பதினோரு வருஷமாக வாசிக்கிறேன். ஊதின பையைப் பார்த்தபோது தெரியும். அரீயாவின் முகத்தைப் பார்த்தபோது நிச்சயமாகத் தெரியும். தட்டை பயோம் கையில் கொடுத்தபோதும் தெரியும். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நியாயமாக இருக்கும்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் சொல்லுங்கள், போடுகிறேன். ஆஸ்பத்திரி வாசல் நாற்காலியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாற்று மருந்து வேலை செய்கிறதாம், நேற்று அவளாகவே கண்ணைத் திறந்தாள் என்று நர்ஸ் சொன்னார்கள். எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. ஒரு சின்ன உதவி மட்டும், டாக்டரைப் பார்க்கிறபோது கேட்டுச் சொல்லுங்கள்: அவள் மூக்கு பழையபடி இருக்கிறதா? பன்றி வரிசையை எப்படியும் ஒருநாள் திறப்பார்கள். நான் திரும்பிப் போகும்போது பொட்டலம் பிரிக்க ஆள் வேண்டும்.